பெற்றோரின் விலாயத்தும் பிள்ளைகளின் விருப்பும்

ஆண்டுதோறும் ஷவ்வால் மாதத்தில் அரபுக் கல்லூரிகளில் மாணவர் சேர்க்கை நடைபெறும். பிள்ளைகளை அழைத்துவரும் தந்தையர் சிலர், "இவனை ஆலிமாக்குவதாக நேர்ந்திருக்கிறோம், ஹஸ்ரத்" என்பர். கேட்போரின் நெஞ்சை நெகிழவைக்கும் சொல் அது. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு வந்த ஒரு தந்தையின் அருகில் 15 வயதை எட்டிய மகன் நின்றிருந்தான். அவனிடம் பெயரைக் கேட்டோம். தந்தை பதில் சொன்னார். எதுவரை ஓதியிருக்கிறாய் என்று கேட்டோம்; அதற்கும் தந்தையே பதில் சொன்னார். இங்கே ஓத உனக்கு விருப்பமா என்று மட்டும் நாம் கேட்கவில்லை. நாம் அன்றாடம் நடத்திவந்த பாடங்களிலேயே அக்கேள்விக்கு இடம் இருந்தது. இருந்தும் கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் பின்னர் நம்மை உறுத்தியது.

பிள்ளைகளுக்குத் தம் சொந்தக் காரியங்களில் எவ்வளவு உரிமை உண்டு என்ற பேச்சு எழும்போதெல்லாம் நமது மேடைகளில் 'பனீ இஸ்ராயீல்' அத்தியாயத்தின் 23ஆம் வசனம் முன்வைக்கப்படுகிறது. பெற்றோரை நோக்கிச் சலிப்பின் ஒரு சொல்லும் கூடாது எனத் தடுக்கும் வசனம் அது. அதில் ஐயமில்லை. ஆனால் அவ்வசனம் பிள்ளையின் கடமையைச் சொல்கிறதேயன்றிப் பெற்றோரின் அதிகாரத்தின் எல்லையைச் சொல்லவில்லை. இவ்விரண்டும் ஒன்றல்ல. எல்லையைப் பற்றிய பேச்சு ஃபிக்ஹு நூல்களில் இருக்கிறது. தனி ஒரு பாடமாக இல்லாமல், ஹஜ்ர் (பொருளைக் கையாளத் தடை), ஹளானா (குழந்தை வளர்ப்பு), நிகாஹ், நேர்ச்சை ஆகிய பாடங்களில் சிதறிக் கிடப்பதால், ஓதிக்கொடுக்கும் நமக்கே அதன் முழு உருவம் கண்ணில் படுவதில்லை. அவற்றை ஒருங்கே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஃபிக்ஹு மொழியில் பெற்றோரின் அதிகாரத்திற்கு 'விலாயத்' என்று பெயர். அதனை உடையவர் 'வலீ'. பிறர் ஒருவரின் காரியத்தை, அவருடைய நலனுக்காக, அவர் சார்பில் நடத்தும் பொறுப்பு இது. 'அவருடைய நலனுக்காக' என்பதே இதன் உயிர். சிறுவனின் சொத்தை அவனுக்கு இழப்பு நேரும் வகையில் தந்தையே விற்றாலும் அவ்விற்பனை செல்லாது என ஃபுகஹாக்கள் சொல்வது இந்த அடிப்படையில்தான். ஆக, வலீயின் கையில் இருப்பது அமானிதம். அமானிதம் எனில் திருப்பி ஒப்படைக்கும் நாள் ஒன்று உண்டு.

அந்த நாள் எது? 'அந்நிஸா' அத்தியாயத்தின் 6ஆம் வசனம் அநாதைகளின் பொறுப்பாளர்களைப் பார்த்துப் பேசுகிறது. திருமண வயதை எட்டும்வரை அவர்களைச் சோதித்து வருமாறும், அவர்களிடம் 'ருஷ்த்' தென்பட்டால் அவர்களுடைய பொருளை ஒப்படைத்துவிடுமாறும் கட்டளையிடுகிறது. புலூக் என்பது உடல் பருவமடைதல். ருஷ்த் என்பது அறிவு பக்குவமடைதல். முந்தையது தானே வருவது. பிந்தையதைச் சோதித்து அறிய வேண்டும். அவ்வசனத்தில் 'ருஷ்த்' என்ற சொல் பொதுப்பெயராக (நகிராவாக) வந்திருப்பதைச் சுட்டிக்காட்டும் ஸமக்ஷரீ (இறப்பு ஹி. 538 / கி.பி. 1144), பக்குவத்தின் ஒரு சாயல் தென்பட்டாலே போதும், அது முழுமை பெறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்ற பொருள் அதில் உண்டு என்கிறார். "இன்னும் இவனுக்கு விவரம் பத்தாது" என்று 28 வயது மகனைப் பற்றிச் சொல்லும் தந்தையர் இவ்விளக்கத்தைச் சற்றே சிந்திக்கலாம்.

சோதிப்பது எங்ஙனம் என்பதற்கு இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் (இறப்பு ஹி. 676 / கி.பி. 1277) தமது 'மின்ஹாஜ்' நூலில் தரும் விவரம் சுவையானது. வணிகரின் மகனைக் கொள்வனவு விற்பனையிலும் அதில் விலை பேசுவதிலும் சோதிக்க வேண்டும். உழவரின் மகனை வேளாண்மையிலும், அதில் உழைப்போருக்குச் செலவிடுவதிலும் சோதிக்க வேண்டும். கைவினைஞரின் மகனை அவரவர் தொழிலில் சோதிக்க வேண்டும். பெண்ணை நூல் நூற்பது முதலியவற்றிலும், உணவைப் பூனையிடமிருந்து காப்பதிலும் சோதிக்க வேண்டும். இந்தப் பூனை வந்ததும் வகுப்பில் சிரிப்பு எழுவது வழக்கம். சிரிப்பு அடங்கிய பின் அடுத்த வரியைக் கவனிக்கச் சொல்வோம். ஒரு முறை சோதித்தால் போதாது, இரண்டோ அதற்கு மேலோ முறை சோதிக்க வேண்டும். அதுவும் புலூகிற்கு முன்னரே சோதிக்க வேண்டும் என்கிறது அது.

புலூகிற்கு முன் சிறுவன் செய்யும் ஒப்பந்தம்தான் ஷாஃபிஈ மத்ஹபில் செல்லாதே, பிறகு எப்படிச் சோதிப்பது? அதற்கும் அந்நூலில் வழி உண்டு. சிறுவன் கடைக்குச் செல்வான், பொருளைப் பார்ப்பான், விலை பேசுவான். பேசி முடித்ததும் ஒப்பந்தத்தை வலீ செய்வார். பேச்சு பிள்ளையுடையது, பொறுப்பு தந்தையுடையது. வளரும் பிள்ளைக்கு எவ்வளவு சுதந்திரம் என்ற கேள்விக்கு இதைவிடச் செறிவான மறுமொழியை நாம் கண்டதில்லை. நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறானது. பிளஸ் டூ முடிக்கும்வரை ஒரு கிலோ வெங்காயம் வாங்கவும் அனுப்பாமல் வளர்த்துவிட்டு, 18 வயதில் ஏடிஎம் அட்டையைக் கையில் கொடுத்துச் சென்னை விடுதிக்கு அனுப்புகிறோம். சோதனை புலூகிற்கு முன் என்று ஏன் எழுதினார்கள் என்பது அப்போதுதான் விளங்குகிறது.

ஹனஃபி மத்ஹபில் இது வேறு விதமாக வகுக்கப்பட்டுள்ளது. நன்மை தீமையைப் பிரித்தறியும் வயதை (தம்யீஸ்) அடைந்த சிறுவனின் செயல்கள் மூன்று வகை. அன்பளிப்பைப் பெறுவது போன்ற முழு நன்மையானவை வலீயின் அனுமதி இன்றியே செல்லும். தன் பொருளை வழங்கிவிடுவது போன்ற முழு இழப்பானவை அனுமதி இருந்தாலும் செல்லா. கொடுக்கல் வாங்கல் போல இலாபமும் நட்டமும் கலந்தவை வலீயின் அனுமதியைப் பொறுத்தவை. இன்றைய வீட்டு வழக்குகள் யாவும் இந்த மூன்றாம் வகையில்தான் எழுகின்றன என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

புலூக் அடைந்தும் ருஷ்த் வராதவனை என்ன செய்வது? ஊதாரியாகவே இருப்பான் எனில் தடை நீடிக்கும் என்பது பெரும்பாலோர் கருத்து. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் மட்டும், 25 வயதானதும் அவன் எப்படி இருந்தாலும் பொருளைக் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். அந்த வயதில் ஒருவன் பாட்டனாகவே ஆகியிருக்கக் கூடும் என்பது அதற்குச் சொல்லப்படும் கணக்கு. சுதந்திரமான, அறிவுள்ள, வயது வந்த மனிதனின் சொல்லைச் செல்லாததாக்குவதையே அவர்கள் ஏற்கவில்லை. அதற்கு 'ஹிதாயா' தரும் காரணம் ஆழமானது. ஒருவனிடமிருந்து தன்னைத் தான் ஆளும் உரிமையைப் பறிப்பது அவனது மனிதத்தன்மையை அழித்து விலங்கோடு சேர்ப்பதாகும். பொருள் வீணாவதைவிட அது பெரிய தீங்கு. அவருடைய மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும் இதில் ஆசிரியரோடு மாறுபட்டார்கள். பிற்கால ஃபத்வாவும் அவர்கள் பக்கமே நின்றது. ஆயினும் தீர்ப்பில் பின்தள்ளப்பட்ட அந்தக் காரணம், தர்க்கத்தில் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது என்பதே நமது எண்ணம்.

இதுவரை பொருளைப் பற்றி. பிள்ளையின் விருப்பத்திற்கே இடமளிக்கும் நிகழ்வுகளும் உண்டு. ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவிக்கும் புகாரீ, முஸ்லிம் ஹதீஸில், நபி (ஸல்) அவர்களின் வலப்பக்கம் ஒரு சிறுவர், இடப்பக்கம் முதியவர்கள். பானம் வருகிறது. அருந்திய பின், மீதியை முதியவர்களுக்குக் கொடுக்க அச்சிறுவரிடம் அனுமதி கேட்டார்கள். உங்களிடமிருந்து எனக்குக் கிடைக்கும் பங்கை வேறு எவருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்ற கருத்தில் அவர் மறுத்தார். பாத்திரம் அவர் கையில் வைக்கப்பட்டது. நமது விருந்துகளில் ஒரு சிறுவன் இப்படிச் சொல்லியிருந்தால் அவனுடைய தாயின் வளர்ப்பே அன்று விசாரணைக்கு வந்திருக்கும்.

மணமுறிவுக்குப் பின் பிள்ளை யாரிடம் வளர்வது என்ற பிரச்சினையில், தம்யீஸ் வயதை அடைந்த பிள்ளை, ஆணாயினும் பெண்ணாயினும், தாய் தந்தையரில் தான் விரும்புபவரைத் தெரிவு செய்யலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹப். ஒருவரைத் தெரிவு செய்தபின் மனம் மாறி மற்றவரைக் கேட்டால் அங்கே மாற்றப்பட வேண்டும். ஒரு சிறுவரிடம், இவர் உன் தந்தை, இவர் உன் தாய், விரும்பியவரின் கையைப் பற்றிக்கொள் என நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூஹுரைரா (ரலி) வழியாக வரும் ஹதீஸ் இதற்கு ஆதாரம். ஹனஃபி மத்ஹப் இதை ஏற்பதில்லை. யார் விளையாட விடுகிறாரோ அவரையே சிறுபிள்ளை தேர்ந்தெடுக்கும் என்பது அவர்களின் மறுமொழி. பிள்ளை வளர்த்த எவரும் இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இரு சாராருமே பிள்ளையின் நலனைத்தான் தேடுகின்றனர். அந்நலனை அறியும் வழிகளுள் பிள்ளையின் வாயும் ஒன்றா என்பதில்தான் வேறுபடுகின்றனர்.

கருத்து வேறுபாட்டின் சூடு நம் சமூகத்தை நேரடியாகத் தொடும் இடம் நிகாஹ். வயது வந்த கன்னிப்பெண்ணை அவளது சம்மதமின்றித் திருமணம் செய்விக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை என்பது ஹனஃபி மத்ஹப். தந்தைக்கும் தந்தையின் தந்தைக்கும் அவ்வதிகாரம் (இஜ்பார்) உண்டு, கேட்பது சுன்னத் என்பது ஷாஃபிஈ மத்ஹப். நம் உள்நாட்டு ஊர்களில் முந்தையதும், கடற்கரை ஊர்கள் பலவற்றில் பிந்தையதும் வழக்கில் உள்ளன. ஷாஃபிஈ நூல்களை ஓதியவர்களில் பலர் 'இஜ்பார்' என்ற சொல்லோடு நின்றுவிடுகின்றனர். அதற்கு அம்மத்ஹபே விதித்திருக்கும் நிபந்தனைகளையும் சேர்த்து ஓத வேண்டும். தந்தைக்கும் மகளுக்கும் இடையே வெளிப்படையான பகை இருக்கக் கூடாது. மணமகன் அவளுக்குக் குஃப்வாக (தகுதியில் இணையானவனாக) இருக்க வேண்டும். மஹரைக் கொடுக்கும் வசதி அவனுக்கு இருக்க வேண்டும். தன் கடனை அடைக்கவோ, தம்பியின் மகனுக்கு வாழ்வு கொடுக்கவோ மகளைக் கொடுப்பதற்கு இந்நூல்களில் இடமில்லை.

தம்பியின் மகன் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நஸாயீ, இப்னுமாஜா நூல்களில் ஒரு பெண்ணின் முறையீடு பதிவாகியுள்ளது. தன் சகோதரர் மகனின் தாழ்ந்த நிலையை உயர்த்துவதற்காகத் தந்தை தன்னை அவனுக்கு மணமுடித்துவிட்டார் என்று அவர் முறையிட்டார். நபி (ஸல்) அவர்கள் முடிவை அப்பெண்ணிடமே விட்டார்கள். அப்போது அவர், தந்தை செய்ததைத் தாம் ஏற்றுக்கொள்வதாகவும், இவ்விஷயத்தில் தந்தையருக்கு அதிகாரம் இல்லை என்பதைப் பெண்கள் அறியவேண்டும் என்றே வந்ததாகவும் கூறினார். அவர் கேட்டது மணவிலக்கு அன்று, தெரிவு. அது கைக்கு வந்ததும் அதே கணவரைத் தெரிவு செய்தார். முன்னரே மணமாகியிருந்த கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களைத் தந்தை விருப்பமின்றி மணமுடித்தபோது அத்திருமணம் ரத்து செய்யப்பட்டதைப் புகாரீ பதிவு செய்துள்ளார். கன்னிப்பெண் தொடர்பான அறிவிப்புகளை, குஃப்வு இல்லாதவருக்கு மணமுடிக்கப்பட்ட நிகழ்வாக ஷாஃபிஈ அறிஞர்கள் விளக்குவர். அவ்விளக்கத்தை நாம் மதிக்கிறோம். எனினும் அப்பெண்ணின் சொல் பொதுவாகவே அமைந்திருப்பதைக் காணாமலிருக்க இயலவில்லை.

கன்னியின் மௌனமே சம்மதம் என்ற ஹதீஸ் அனைவரும் அறிந்தது. மௌனம் நாணத்திற்குக் கொடுக்கப்பட்ட சலுகை. அச்சத்திற்கு அது பொருந்தாது. ஏளனமாகச் சிரித்தாலோ குரலெடுத்து அழுதாலோ அது சம்மதமாகாது என்றும், மணமகன் இன்னார் என அவள் அறியும் வகையில் பெயர் சொல்லிக் கேட்டால்தான் அந்த மௌனத்திற்கு மதிப்பு என்றும் ஹனஃபி நூல்கள் எழுதுகின்றன. நம் ஊர்களில் வக்கீலும் இரு சாட்சிகளும் பெண்ணிடம் அனுமதி கேட்க உள்ளே செல்வது எப்போது? பந்தலில் மாப்பிள்ளை அமர்ந்து, பிரியாணி இறக்கப்பட்ட பின்னர். அந்நேரத்தில் மறுக்கும் துணிவு எந்தப் பெண்ணுக்கு வரும்? கேள்வி உண்மையாகக் கேட்கப்பட வேண்டிய இடம் நிச்சயத்திற்கு முந்தைய வீட்டுக் கூடம்.

மகன்களின் நிலை பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. விரும்பாத பெண்ணை மணக்கும்படி மகனைப் பெற்றோர் கட்டாயப்படுத்த முடியாது, அவன் மறுத்தால் பெற்றோரை நோவினை செய்தவன் ஆகமாட்டான் என்று இப்னு தைமிய்யா (இறப்பு ஹி. 728 / கி.பி. 1328) எழுதியுள்ளார். விரும்பாத உணவை உண்ணச் செய்யும் உரிமையே பெற்றோருக்கு இல்லாதபோது, காலமெல்லாம் கூட வாழ வேண்டிய துணையில் அந்த உரிமை எங்ஙனம் வரும் என்பது அவருடைய வாதம்.

சட்டத்தின் பக்கம் சுருக்கமாக ஒரு சொல். சிறுவயதில் தந்தையே மணமுடித்து வைத்திருந்தால், பருவமடைந்த பின் அதை மறுக்கும் உரிமை பழைய ஹனஃபி முறையில் பொதுவாக இல்லை. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் அந்த வரம்பை நீக்கியது. 15 வயதுக்கு முன் மணமுடிக்கப்பட்ட பெண், தாம்பத்தியம் நிகழாதிருப்பின், 18 வயதுக்குள் மறுக்கலாம் என்றாக்கியது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டமோ பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்ற வயதை வைத்துள்ளது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வலீ இன்றி நிகாஹ் இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹப். பெண் ஒரு குஃப்வைக் குறிப்பிட, தந்தை வேறொரு குஃப்வை விரும்பினால் தந்தையின் விருப்பமே மேலோங்கும் என்றும் 'மின்ஹாஜ்' எழுதுகிறது. வயது வந்த பெண் தானே நிகாஹ் செய்துகொள்ள இடமளிக்கும் ஹனஃபி மத்ஹபும், குஃப்வு இல்லாதவரை அவள் மணந்தால் ஆட்சேபிக்கும் உரிமையை வலீக்குக் கொடுக்கிறது. அனுபவத்திற்கும் குடும்பத்திற்கும் இந்நூல்களில் இடம் உண்டு. ஆனால் தகுதியான வரன் வந்து, பெண்ணும் கேட்டு, தந்தை காரணமின்றித் தடுப்பாராயின், ஷாஃபிஈ மத்ஹபிலும் அவருடைய இடத்திற்கு நீதிபதி வந்து மணமுடித்து வைப்பார். அதிகாரத்தைத் தவறாகப் பிடித்துக்கொண்டவரின் கையிலிருந்து அது நழுவிவிடுகிறது.

தொழுகை போன்ற கடமைகளில் நிலை வேறு. ஏழு வயதில் ஏவுவதும் பத்து வயதில் கண்டிப்பதும் ஹதீஸ் வகுத்த முறை. அங்கே பிள்ளையின் விருப்பம் கேட்கப்படுவதில்லை. உடையிலும் அப்படியே: மறைக்க வேண்டியதை மறைப்பது கடமை, நிறமும் தையலும் பிள்ளையுடையவை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, எல்லாவற்றையும் மார்க்கத்தின் பெயரால் ஏவுவதில்தான் வீடுகளில் பெரும்பாலான சச்சரவு எழுகிறது. இமாம் அஹ்மத் பின் ஹன்பல் (ரஹ்) அவர்களிடம் ஒருவர் வந்து, மனைவியைத் தலாக் சொல்லும்படித் தம் தந்தை ஏவுவதாகக் கூறினார். வேண்டாம் என்றார்கள். உமர் (ரலி) தம் மகனை அவ்வாறு ஏவவில்லையா என்றார் அவர். உம் தந்தை உமரைப் போல ஆகட்டும், பிறகு பார்ப்போம் என்பதே மறுமொழி.

இவ்வனைத்துக்கும் திறவுகோல் போன்ற நிகழ்வு ஒன்று புகாரீயில் உண்டு. அடிமையாயிருந்த பரீரா (ரலி) விடுதலை பெற்றதும், கணவர் முகீஸ் (ரலி) அவர்களோடு தொடர்வதா பிரிவதா என்ற தெரிவு அவருக்குக் கிடைத்தது. அவர் பிரிந்தார். முகீஸோ கண்ணீர் தாடியில் வழிய மதீனாவின் தெருக்களில் அவர் பின்னே அலைந்தார். மனமிரங்கிய நபி (ஸல்) அவர்கள், திரும்பிச் செல்லலாமே என்று பரீராவிடம் சொன்னார்கள். இது கட்டளையா என்று அவர் கேட்டார். இல்லை, பரிந்துரைக்கிறேன் என்றார்கள். அப்படியாயின் அவர் எனக்குத் தேவையில்லை என்றார் பரீரா. அவரைக் கடிந்துகொண்டதாக அந்த அறிவிப்பில் ஒரு சொல் இல்லை. இறைநம்பிக்கையாளர்களுக்குத் தம் உயிரினும் மேலான உரிமையுடையவர் அந்நபி. ஏவியிருந்தால் பரீரா அடிபணிந்திருப்பார். ஏவலையும் பரிந்துரையையும் பிரித்துக் கேட்கும் துணிவு ஒரு முன்னாள் அடிமைப்பெண்ணுக்கு இருந்தது; பிரித்துச் சொல்லும் நேர்மை நபியவர்களிடம் இருந்தது. நம் வீடுகளில் தந்தையின் ஒவ்வொரு விருப்பமும் ஏவலாகவே பிள்ளையின் காதில் விழுகிறது. இது அத்தாவின் கட்டளையா, ஆசையா என்று கேட்கும் வாய்ப்பே எழுவதில்லை.

படிப்பையும் தொழிலையும் பற்றி இப்னுல் கய்யிம் (இறப்பு ஹி. 751 / கி.பி. 1350) தமது 'துஹ்ஃபத்துல் மவ்தூத்' நூலில் பேசுகிறார். பிள்ளை எதற்கு ஆயத்தமாக இருக்கிறான் என்று கவனிக்க வேண்டும். நினைவாற்றலும் விளக்கமும் உடையவனைக் கல்வியிலும், குதிரையேற்றத்தில் நாட்டமுடையவனை அதிலும், கைத்தொழிலில் கண் திறந்தவனை அத்தொழிலிலும் விட வேண்டும், வேறொன்றில் திணித்தால் அதிலும் தேறமாட்டான், தனக்குரியதும் தவறிப்போகும் என்பது அவர் கருத்து. பொறியியல் என்றும் மருத்துவம் என்றும் பிள்ளைகளைத் தள்ளும் பெற்றோரைச் சாடும்போது நாம் இதை எடுத்துச் சொல்வதுண்டு. மதரஸாவுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை.

நேர்ச்சை என்றால் இம்ரானின் மனைவியாரை முன்மாதிரியாகக் காட்டுவர். வயிற்றிலிருந்ததை இறைப்பணிக்கு அவர் நேர்ந்ததை 'ஆல இம்ரான்' அத்தியாயத்தின் 35ஆம் வசனம் கூறுகிறது. அவ்வசனத்தின் விரிவுரையில் இமாம் பகவீ (ரஹ்) போன்றோர் அக்கால வழக்கத்தையும் எழுதியுள்ளனர். அவ்வாறு நேரப்பட்ட பிள்ளை பருவமடையும் வரை ஆலயப் பணியில் இருப்பான். பருவமடைந்ததும், இருக்கவா போகவா என்று அவனிடம் கேட்கப்படும். முன்மாதிரியாகக் காட்டப்படும் நேர்ச்சைக்குள்ளேயே கேள்வி ஒன்று இருந்திருக்கிறது.

நாம் தொடக்கத்தில் சொன்ன மாணவன் மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் சுப்ஹுக்கு முன் புறப்பட்டுப் போய்விட்டான். கிதாபுகளை அலமாரியில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தான். நான்கு மாதம் எந்தச் செய்தியும் இல்லை. பின்னர் வேறோர் ஊரில் மின்பணியாளர் ஒருவரிடம் வேலை கற்பதாகத் தெரிந்தது. தந்தை நம்மிடம் வந்து கேட்டது ஒன்றுதான்: நேர்ச்சை நிறைவேறாத குற்றம் தம்மைச் சாருமா? தன் கையில் இல்லாத, பிறருடைய செயலை நேர்ந்தால் அது கடமையாகாது. சேர்த்துவிடுவது உங்கள் செயல், அதைச் செய்துவிட்டீர்கள். ஓதுவது அவனுடையது என்றோம். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, ஹஸ்ரத்" என்றார்.

அதன் பிறகு ஷவ்வாலில் தந்தையரைத் தேநீர் அருந்திவரச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் தனியே கேட்கிறோம். பெரும்பாலோர் விருப்பம் என்றே சொல்கின்றனர். சென்ற முறை இருவர் இல்லை என்றனர். அவர்களுள் ஒருவனைத் தந்தை மறுபேச்சின்றி வீட்டுக்கு அழைத்துச் சென்றார். மற்றவர் நம்மைக் கோபித்துக்கொண்டு, அதே வாரத்தில் மகனை வேறொரு மதரஸாவில் சேர்த்துவிட்டார்.